அடிப்பிடித்த வாசம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான், கரண்டியக்கா. பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். ஆசிரியைகளும் அவசரத்தில் கரண்டியக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. எப்போது பார்த்தாலும் கரண்டியும் கையுமாக இருக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள், பாவம்.

சமையலறை பள்ளிக்குப் பின்னால், தெருச்சுவரை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெரிய அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல். நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகளின் மதியச் சோறு அங்கேதான் வேகும். அரிசி, பருப்பு, அன்றைக்கு வந்த காய் எல்லாம் ஒரே அண்டாவில். ஆசிரியைகளுக்குப் பிள்ளைகளின் மார்க் தெரியும். கரண்டியக்காவுக்கு அவர்கள் வயிறு தெரியும். எவன் முதல் கவளத்தை மெல்லாமல் விழுங்குகிறான், எவள் இரண்டாவது கரண்டி கேட்க வெட்கப்பட்டுத் தட்டை மட்டும் நகர்த்துகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. திங்கட்கிழமை ஒரு பிள்ளை சாப்பிடுகிற வேகத்தை வைத்தே சனி, ஞாயிறு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

இந்த வேலைக்கு அவள் வந்த கதையும் வயிற்றுக் கதைதான். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் மகள் இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கணவருக்கு மாவு மில்லில் வேலை. மில்லை மூடினார்கள். மறுபடி திறக்க முழுசாக ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம் மகள் வயிறார சாப்பிட்டது மதியம் ஒரு வேளை, இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான். ஒருநாள் நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாள். வந்த இடத்தில் தட்டுகள் மலையாகக் கிடந்தன. வாயால் நன்றி சொல்வதற்குள் கை தட்டைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. மறுநாளும் வந்தாள். ஒரு வருடம் கழித்து அப்போதிருந்த சமையல்காரி விலகியபோது கரண்டி தானாக இவள் கைக்கு வந்தது. மகள் படித்து வெளியூரில் வேலைக்கே போய்விட்டாள். அந்த ஒரு வருடச் சோற்றுக் கடனை இவள் இன்றைக்கும் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அரிசி அளப்பதில் அவளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். ஒரு டப்பா அரிசி இருபது பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். ஏழு டப்பா போட வேண்டும், மிச்சம் இரண்டு பிள்ளைகளுக்காகக் கடைசி டப்பாவைக் குவித்து அள்ள வேண்டும். அவள் ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டாள். சாப்பாட்டு வரிசையை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் உட்காருகிற பிள்ளையின் பட்டப்பெயரைச் சொல்லிப் போடுவாள். “காந்தல் வரிசை” என்று ஒரு டப்பா. “தண்ணிக்குடம் வரிசை” என்று ஒரு டப்பா. கவளத்துக்கு ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கிற பயல் அவன். பிறகு பாட்டுக்காரி வரிசை, பருப்புத்திருடன் வரிசை. பட்டப்பெயரெல்லாம் அவள் வைத்ததுதான். தனக்கு வைத்தவர்களுக்குத் திருப்பி வைத்தாள், அவ்வளவே.

இதில் காந்தல் என்பவள் இரண்டாம் வகுப்புச் சிறுமி. அண்டாவின் அடியில் பொன்னிறமாகப் பிடித்து, சுரண்டினால் மொறுமொறுவென்று வருமே, அந்தக் காந்தல் என்றால் அவளுக்கு உயிர். தட்டை நீட்டும்போதே, “அக்கா, காந்தல் இருக்கா?” என்பாள். கரண்டியக்காவோ கைப்பக்குவக்காரி. அடிப்பிடிக்க விட்டால் அவமானம் என்று நினைப்பவள். அதனால் பாதி நாள் இருக்காது. “உனக்காகச் சோத்தைத் தீய விட முடியுமாடி?” என்று அதட்டுவாள். அந்தப் பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டே போகும்.

அப்புறம் அந்த நோய் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிப் போனார்கள். திங்கட்கிழமை பள்ளி இல்லை என்றார்கள். பதினைந்து நாள் என்றது ஒரு மாதமாகி, ஒரு மாதம் ஒரு பருவமாகி, கடைசியில் ஒரு வருடத்தையே விழுங்கியது.

மேலிடம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. சமைத்த சோற்றுக்குப் பதிலாக மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரிசி, பருப்பு கொடுக்கச் சொன்னார்கள். பையில் போட்டுக் கட்டுவது கரண்டியக்காவின் வேலையாயிற்று. நல்ல ஏற்பாடுதான், காகிதத்தில். ஒரு பிள்ளையின் பங்கு அந்தப் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும் என்று எழுதியவர் எந்தப் பசித்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மூன்றாவது மாதம் பை வாங்கக் காந்தல் வந்தாள். கூடவே தங்கை, நாலு வயசு இருக்கும். கூட்டம் சேரக்கூடாது என்று பெரியவர்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தது. பையைக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் மணிக்கட்டு கரண்டியக்காவின் விரலில் பட்டது. எலும்பு மட்டும்தான் பட்டது.

“என்னடி, வீட்ல ஒழுங்கா சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேனே.”

“அப்ப காந்தல் கிடைக்குதா?” என்று சிரிப்பு மூட்டப் பார்த்தாள்.

“எங்க பானையில அடியே பிடிக்கிறதில்லக்கா,” என்றது பிள்ளை. “அம்மா நிறைய தண்ணி ஊத்திடுறாங்க. அப்பதான் எல்லாருக்கும் வருமாம்.”

சொல்லிவிட்டுப் பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கரண்டியக்கா அன்றைக்கு மிச்சப் பைகளை எப்படிக் கட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. இந்த அண்டாவில் வெந்த சோற்றுக்கு ஒரு பெருமை உண்டு. அதை அந்தப் பிள்ளை, அந்த இடத்தில் உட்கார்ந்து, அவள் கண் முன்னாலேயே தின்று முடிக்கும். யாரோடும் பங்கு போட வேண்டாம். அந்தப் பெருமையைப் பையில் போட்டுக் கட்டித் தர முடியவில்லை.

வருடம் திரும்பி நோய் கொஞ்சம் தணிந்தபோது, பள்ளியைத் திறக்கலாமா என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லி உத்தரவு வந்தது. தலைமையாசிரியை கூடத்து ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, அளவுகோல் வைத்து நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் அவர் அப்படித்தான். சட்டம் என்றால் சட்டம். கரும்பலகையில் தேதி கோணலாக இருந்தால்கூட அழித்து எழுத வைப்பார். அவரிடம் பல்லைக் காட்டிப் பிழைத்தவர் யாரும் இல்லை.

கூட்டத்தில் வாய்ச்சண்டை வலுத்தது. “பசிக்கு எதையாவது குடுத்து சமாளிச்சிடலாம். அந்த நோய் வந்தா எதைக் குடுப்பீங்க?” என்றாள் ஒரு தாய்.

“எதையாவதுன்னா எதைன்னு சொல்லுங்கம்மா,” என்றார் ஒரு வண்டியோட்டி. “ஒரு வருஷமா சவாரி இல்ல. நான் தேடாத இடமில்ல.”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் கஷ்டமே. கடைசியில் பெரிய டீச்சர் எழுந்தார். முதலில் நான்காம், ஐந்தாம் வகுப்பு மட்டும், அதுவும் சம்மதக் கடிதம் கொண்டுவருகிற பிள்ளைகள் மட்டும் வரலாம். சின்ன வகுப்புகள் பிறகு, நிலைமையைப் பார்த்து. “ஆனா ஒண்ணு. சமையல் இல்லாம நான் திறக்க மாட்டேன். பசியோட உக்கார வெச்சுப் பாடம் நடத்த என்னால ஆகாது,” என்றார். உடனே எல்லா முகமும் கரண்டியக்காவின் பக்கம் திரும்பின.

திரும்பாமல் என்ன செய்யும்? சமையலறையில் இரண்டு பேர். நீளத் துடுப்பால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த மற்றவள் போன வருடமே அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. இவள் வந்தால் அடுப்பு எரியும். இவள் வராவிட்டால் பள்ளியே இல்லை. ஆனால் இவள் வீட்டில் ஒரு மனிதர் இருந்தார். முப்பது வருட மாவுத்தூசி உட்கார்ந்த நுரையீரலோடு, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற மனிதர். இவருக்கு அந்த நோய் வந்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். தடுப்பூசியைப் பற்றி அப்போது பேச்சுதான் வந்திருந்தது, ஊசி வரவில்லை.

“ரெண்டு நாள் குடுங்க டீச்சர்,” என்றாள். கையில் யாரோ ஒரு சம்மதக் கடிதத் தாளைத் திணித்திருந்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் கணவர், ஊரார் வாயில் மில்லுக்காரர், ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே அவர் புரிந்துகொண்டார்.

“என்ன, திறக்கிறாங்களா?”

“நான் போனா திறப்பாங்க.”

“போயேன்.”

“போயேனா? எதைத் தொட்டுட்டு எதைக் கொண்டாந்து உங்களுக்குக் குடுப்பேனோன்னு நான் கிடந்து தவிக்கிறேன். நீங்க பாட்டுக்குப் போயேங்கிறீங்க.”

அவர் ஒரு திருகாணியைத் தேடினார். கிடைத்ததும் சொன்னார்: “மில்லு மூடின வருஷம் நம்ம பொண்ணுக்கு யாரு சோறு போட்டா? அன்னைக்கு அந்தச் சமையக்கார அம்மா, எனக்கென்னன்னு வீட்ல உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

அவர் அந்தத் தாளைப் பிடுங்கினார். பெற்றோர் நிரப்ப வேண்டிய சம்மதக் கடிதம் அது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மாணவர் பெயர் என்ற இடத்தில் ‘எனது நுரையீரல், இரண்டு’ என்று எழுதினார். பாதுகாவலர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ‘அனுப்ப முழுச் சம்மதம்’ என்பதன் கீழே இரண்டு தடவை கோடு இழுத்தார்.

“உனக்குச் சம்மதம் குடுக்க நான் யாரு? இதுங்களுக்குத்தான் நான் பொறுப்பு,” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். தட்டியதும் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அவள் தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்ட நாட்கள் சில உண்டு. அன்றைக்கு மெச்சிய மாதிரி என்றைக்கும் மெச்சியதில்லை.

மறுநாளே அவர் பின்கட்டுச் சின்ன அறைக்குக் குடிபோனார். தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த இடம், தனி வாசல், கம்பி போட்ட ஒரு ஜன்னல். தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்வதாகச் சொல்லி ஒரு சின்ன அடுப்பையும் எடுத்துப் போனார். அவள் வேலையிலிருந்து வந்து பின்பக்கக் குழாயில் குளித்து முடிக்கிறவரை ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தின் அந்தக் கோடியில் நிற்க வேண்டும். பேச்சு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். சட்டம் போட்டது அவர்.

பள்ளி திறந்த அன்று காலை அவள் சமையலறைப் பூட்டைத் திறந்தாள். சிலந்தி வலையை அடித்து, அண்டாவை மூன்று தடவை தேய்த்தாள். அடுப்புக்கு மேலே பெரிய டீச்சர் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்: ‘இன்று 44 பிள்ளைகள். அரிசி இரண்டேகால் டப்பா. முகக்கவசம் கழற்றக்கூடாது. ருசி பார்க்கக்கூடாது.’ எழுத்து நேர்கோட்டில் நின்றது.

அட்டையைப் படித்துவிட்டுத்தான் அரிசி மூட்டைக்குப் போனாள். டப்பாவை அள்ளினாள். “காந்தல் வரிசை,” என்று வாய் தானாகச் சொன்னது. அண்டாவில் கொட்டினாள். “தண்ணிக்குடம் வரிசை.” “பாட்டுக்காரி வரிசை.” அந்த வரிசைக்குக் கால் டப்பாவோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவது என்றால் பருப்புத்திருடன் வரிசையைப் பார்த்து, உனக்கு இல்லை போ என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக அந்தக் கை யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. வாய் பெயரைச் சொல்லச் சொல்லக் கை அள்ளிக்கொண்டே போயிற்று. ஏழாவது டப்பாவைக் குவித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அட்டை கண்ணில் பட்டது. அதற்குள் அரிசி கொதிதண்ணீரில் இறங்கிவிட்டது. இனி வெளியே எடுக்க முடியாது.

நாற்பத்து நாலு பிள்ளைகளுக்கு நூற்று நாற்பது பிள்ளைச் சோறு! மிஞ்சினால் பதிவேட்டில் எழுதிக் கொட்ட வேண்டும். ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிற காலத்தில் அண்டா அண்டாவாகச் சோற்றைக் கொட்டினாள் என்ற பெயர் வேறு. புலம்பிக்கொண்டே பருப்பையும் தண்ணீரையும் கூட்டினாள், தீயைக் கூட்டினாள், காயை நறுக்க உட்கார்ந்தாள். துடுப்புக்காரி இல்லை என்பதைக் கை மறந்துவிட்டது. நறுக்கும்போது அண்டாவை யாரோ கிளறிக்கொண்டிருப்பார்கள் என்றே பழகிய கை அது.

காயில் பாதி முடிந்திருக்கும். பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா இது! அடிப்பிடிச்ச வாசம் ஆபீஸ் வரைக்கும் வருது. பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, தெரியலையா?”

கரண்டியக்கா மூக்கை உறிஞ்சினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை உறிஞ்சினாள். முகத்தில் கட்டிய துணியின் சோப்பு வாடைதான் வந்தது, அதுவும் வந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் வாசம் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீச்சர் ஓரடி பின்னால் போனார். போனதற்காக உடனே வருத்தப்பட்டது அவர் கண்ணில் தெரிந்தது.

அவள் மனசு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிற மனிதரிடம் ஓடியது. காலையில் ஜன்னல் பக்கமாக நின்று எத்தனை நேரம் பேசினாள்? அவர் கொடுத்த டம்ளரைத் தொட்டாளா, இல்லையா? அண்டாவுக்குக் கீழே இருந்த தீயை அணைத்தாள். கத்தியை வைத்துவிட்டு, யாரும் பக்கத்தில் வராதபடி பின்வாசல் வழியாக வெளியே போனாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மதில் மூலை வரைக்கும் போய் நின்றாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்தாள்.

தீய்ந்த வாசம் மூக்கில் பளாரென்று அறைந்தது.

அரிசியும் பருப்பும் ஒன்றாகக் கருகிய, எந்தச் சமையல்காரிக்கும் தலைகுனிவான, சுத்தமான அடிப்பிடித்த வாசம். அவள் மறுபடி இழுத்தாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வாசத்தை முகர்ந்ததில்லை. மூன்று மடிப்புத் துணிக்குள், அண்டாவுக்குப் பக்கத்திலேயே இருந்து பழகி மூக்கு செத்துக் கிடந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

“தெரியுதா?” என்று வாசலிலிருந்து டீச்சர் கத்தினார். அந்த அம்மாள் கத்தி யாரும் கேட்டதில்லை.

“தெரியுது டீச்சர்! நல்லா தீஞ்சிருக்கு! படுமோசமா தீஞ்சிருக்கு!” என்று கத்தினாள் கரண்டியக்கா. கத்திக்கொண்டே அழுதாள். “கடவுளே, உனக்குக் கோடி புண்ணியம்” என்று மேலே பார்த்துக் கும்பிட்டாள். டீச்சர் சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தார்கள்.

போன உயிர் திரும்பி வந்ததும் ஏழு டப்பா ஞாபகமும் திரும்பி வந்தது. மறைத்துப் பயனில்லை என்று மூடியைத் திறந்து காட்டினாள். நல்லவேளை, அடி மட்டும்தான் பிடித்திருந்தது, மேலே அத்தனையும் பூப்போல வெந்திருந்தது. டீச்சர் அண்டாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எண்ணலையா?”

“எண்ணினேன் டீச்சர். எல்லாரையும் எண்ணிட்டேன்.”

டீச்சர் வாய் திறப்பதற்குள் தெருப்பக்க ஜன்னலில் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சும் கசமுசாவுமாக இருந்தது. டீச்சர் தெருவாசலுக்குப் போய் இரும்புக் கேட்டுக்கு வெளியே பார்த்தார். பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பு, இரண்டு, மூன்று. கையில் சம்மதக் கடிதம் இல்லை. சீருடை இல்லை. பாதிப் பிள்ளைகள் கையில் தட்டு மட்டும் இருந்தது. ஒரு வருடமாக அந்தத் தகரக் கூரையிலிருந்து ஒரு வாசமும் வராத தெருவில் இன்றைக்குத் தீய்ந்த வாசம் நாலு சந்து தாண்டிப் போயிருக்கிறது. யாரும் சொல்லியனுப்பவில்லை. மூக்கு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

சட்டம் தெளிவாக இருந்தது. சின்ன வகுப்புகள் உள்ளே வரக்கூடாது. டீச்சர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குப் பின்னால் கரண்டியக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இன்றைக்கு இவர் கையை விரித்தால் அந்தத் தட்டுகள் வெறுந்தட்டாகத் திரும்பிப் போகும், அண்டாச் சோறு குழிக்குப் போகும். கடைசியில் டீச்சர் திரும்பாமலே கேட்டார்: “பிள்ளைங்க உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு. சரி. சோறு வெளிய போகக்கூடாதுன்னு இருக்கா?”

“நான் படிக்கலையே டீச்சர்.”

“நான் படிச்சேன். மூணு தடவை. அப்படி ஒரு வரியும் இல்ல.”

சொல்லிவிட்டுச் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அளவுகோல் இல்லாமலேயே தெரு ஓரமாக வட்டம் வட்டமாகப் போட்டார். கோணல்மாணலாகத்தான் விழுந்தன. ஒன்றைக்கூட அழித்துப் போடவில்லை. வட்டத்துக்கு ஒரு பிள்ளையை நிறுத்தினார். நாற்பத்து நாலு பேருக்கு உள்ளே பரிமாறிவிட்டு, அண்டாவைத் தள்ளுவண்டியில் வைத்துக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

எட்டாவது வட்டத்தில் காந்தல் நின்றாள். ஒரு வருடத்தில் உயரம் கூடியிருந்தாள், சதை கூடவில்லை. அந்தத் தங்கை அவள் காலைக் கட்டிக்கொண்டு அதே வட்டத்தில் நின்றது. கரண்டியக்கா இரண்டு கரண்டி போட்டாள். பிள்ளை தட்டைத் தங்கை வாய்க்கு நேராக இறக்கப் போனாள்.

“அவளுக்குத் தனித் தட்டுடி,” என்றாள் கரண்டியக்கா. “அது உன்னுது. முழுசும் உன்னுது. நான் பாக்கப் பாக்கச் சாப்பிடு.”

பிள்ளை சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, “அக்கா, இன்னைக்குக் காந்தல் நிறைய இருக்குமே?” என்றாள்.

கரண்டியக்கா குனிந்து அண்டாவின் அடியைச் சுரண்டினாள். கருகியதை ஒதுக்கிவிட்டுப் பொன்னிறமாக இருந்ததை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். மொறுமொறுவென்று மெல்லும் சத்தம் இரண்டு வட்டம் தள்ளிக் கேட்டது. அவள் கண்ணைத் துடைக்கப் போனாள், முகத்தைத் தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து அப்படியே விட்டுவிட்டாள்.

அன்றைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் எண்பத்தேழு. அண்டா காலி. மறுநாளிலிருந்து அடுப்புக்கு மேல் இருந்த அட்டை காணாமல் போயிற்று, யார் எடுத்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவளும் பழையபடி ஏழு வரிசையையும் வாயாரக் கூப்பிட்டு அரிசி போட்டாள். கிளறுவதற்கு இரண்டு தாய்மார்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தி, கூட்டத்தில் திறக்கவே கூடாது என்று சண்டை போட்டவள். இனி அடிப்பிடிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சோறு இறங்கும் நேரத்தில் கரண்டியக்கா அவர்களைக் கிளறவிடாமல் தடுப்பாள். அடியில் லேசாகப் பிடிக்கிறவரை தீயை எரிய விடுவாள். சோறு தயார் என்று தெருவுக்குச் சொல்ல அவளிடம் வேறு மணி இல்லை. வாசம் போன கொஞ்ச நேரத்தில் வட்டங்கள் நிறைந்துவிடும். பதிவேட்டில் உணவின் தரம் என்ற கட்டத்தில் பெரிய டீச்சர் தினமும் தன் நேரான எழுத்தில் ‘சிறிது அடிப்பிடித்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலிடத்திலிருந்து ஒருதடவை விளக்கம் கேட்டார்களாம். சமையலருக்கு வயதாகிறது என்று பதில் போட்டாராம். கரண்டியக்காவுக்கு அதில் மட்டும் கொஞ்சம் கோபம்.

வேலை முடிந்து பின்முற்றத்தின் அந்தக் கோடியில் அவள் வந்து நிற்பாள். குளிப்பதற்கு முன்னால், துணி மாற்றுவதற்கு முன்னால், அப்படியே நிற்பாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மில்லுக்காரர் ரேடியோவைக் கீழே வைப்பார். மூக்கைக் கம்பியில் வைத்து அழுத்தி, நாடகக்காரர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். அந்த இரண்டு நொடி அவள் மூச்சு விட மாட்டாள்.

“ம்,” என்பார். “இன்னைக்கும் தீய விட்டுட்டே.”

“தெரியுதா?”

“தெரியுது.”

அதற்குப் பிறகுதான் அவள் குழாயைத் திறப்பாள்.